அடிக்கடி அணையும் வீட்டு விளக்கு! மெயின் பெட்டி சொல்லும் சேதி என்ன?

மாலை 7 மணி. வெளியே மழை. பையன் பாடம் படிக்கிறான். அம்மா தோசை வார்க்கிறாள்.

"டப்!"

வீடு முழுவதும் இருட்டு!

அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறது. தெருவிளக்கும் எரிகிறது. நம் வீட்டில் மட்டும் இல்லை. மெயின் பெட்டியைத் திறந்தால், ஒரு சுவிட்சு கீழே விழுந்து கிடக்கிறது. தூக்கி விட்டால் மறுபடியும் "டப்!"

சென்னையில் என் நண்பர் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் இதே கதைதான். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்.

"இந்த ட்ரிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக லைன் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

வந்தவர் வயதானவர். அனுபவசாலி. சிரித்தார்.

"வேண்டாம் சார். நாய் குரைக்கிறது என்று நாயைத் துரத்தினால் யாருக்கு வசதி? திருடனுக்குத்தானே!"

இரண்டு காவலர்கள்

அவர் சொன்னது உண்மை. மெயின் பெட்டியில் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் எம்.சி.பி. பழைய வீடுகளில் பியூஸ் கட்டை செய்த வேலையை இவர் செய்கிறார். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் உள்ளே இருக்கும் தகடு சூடாகி வளையும். சுவிட்சு விழும். இதற்குச் சில நிமிடம் ஆகலாம். இரண்டு ஒயர்கள் ஒட்டி "ஷார்ட்" ஆகிவிட்டால், உள்ளே உள்ள காந்தம் கண் இமைக்கும் நேரத்தில் சுவிட்சை விழவைக்கும்.

மற்றவர் ஆர்.சி.சி.பி. இதில் "டெஸ்ட்" என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதுதான் அடையாளம். இவர் ஒரு கணக்குப்பிள்ளை. வீட்டுக்குள் போன மின்சாரம் அவ்வளவும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்ப்பார். வழியில் எங்காவது ஒழுகினால் உடனே அணைத்துவிடுவார். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதைப் பொருத்துகிறார்கள்.

இது ஒரு சின்ன 9 வாட் பல்பு எடுக்கும் மின்சாரத்தைவிடவும் குறைவு. ஆனால், இந்த அளவுக்குமேல் உடம்பில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து! 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ இதைப்போல் 200 மடங்கு மின்சாரத்தைத் தடுக்காமல் விடும். அது ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான்.

குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

ஈரமில்லாத கையோடு, காலில் செருப்புப் போட்டுக்கொண்டு, எல்லா விளக்கையும் மின்விசிறியையும் அணையுங்கள். பிளக்கில் சொருகியிருப்பதை எல்லாம் பிடுங்குங்கள். பிறகு, விழுந்த சுவிட்சை ஒரே ஒரு முறை தூக்குங்கள்.

நின்றுவிட்டதா? ஒவ்வொரு விளக்காகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் "டப்" என்கிறதோ, அங்கேதான் கோளாறு. அதை அணைத்து வைத்துவிட்டால், மற்ற விளக்குகள் எரியும்.

எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுகிறதா? கோளாறு சுவருக்குள் ஓடும் ஒயரில் இருக்கலாம். எலி கடித்திருக்கலாம். படம் மாட்ட அடித்த ஆணி ஒயரில் இறங்கியிருக்கலாம். இதில் நாம் கை வைக்கக் கூடாது.

போட்டவுடன் விழாமல், சிறிது நேரம் கழித்து விழுகிறதா? பாரம் அதிகம் என்று அர்த்தம். பத்து 9 வாட் பல்புகள் சேர்ந்தாலும் 90 வாட்தான். விளக்குகள் பாரம் அல்ல. ஆனால், அதே லைனில் உள்ள சின்ன பிளக்கில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியும், இன்னொரு பிளக்கில் 1,500 வாட் கெட்டிலும் ஓடினால்? 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர்! 6 ஆம்பியர் சுவிட்சு எப்படித் தாங்கும்?

கேட்டில் இருந்த ஆபத்து

நண்பர் வீட்டுக்கு வருவோம்.

எலக்ட்ரீசியன் ஒவ்வொரு விளக்காகப் போட்டார். கூடம் சரி. சமையலறை சரி. வாசல் கேட்டு விளக்கைப் போட்டதும் "டப்!"

அந்த விளக்கு ஓர் இரும்புக் கம்பத்தில் இருந்தது. மூடியைக் கழற்றினார். ரப்பர் வளையம் இற்றுப்போய், உள்ளே மழைத் தண்ணீர்! தண்ணீர் வழியாக மின்சாரம் கம்பத்தில் இறங்கியிருக்கிறது. மழை விட்டுக் காய்ந்ததும் மறுபடி எரிந்திருக்கிறது. அதனால் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

அந்தக் கம்பத்தோடு சேர்ந்ததுதான் இரும்புக் கேட்டு. தினமும் நண்பரின் பேத்தி ஏறி ஊஞ்சலாடும் கேட்டு!

நண்பருக்குப் பேச்சு வரவில்லை. ட்ரிப்பரைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செய்யக் கூடாதவை

6 ஆம்பியர் சுவிட்சு விழுகிறது என்று 20 ஆம்பியர் மாட்டாதீர்கள். சுவிட்சு விழாது, சுவருக்குள் ஒயர் எரியும். பியூஸ் கட்டையில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றுவதும் அதே தப்புதான்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் விளக்குகளில் மின்சாரம் இருக்கும். கவனம்!

கருகிய வாடை வந்தாலோ, சுவிட்சு போர்டு சுட்டாலோ, சுவர் ஈரமாக இருந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மாதம் ஒரு முறை "டெஸ்ட்" பொத்தானை அழுத்துங்கள். சுவிட்சு விழுந்தால் காவலர் விழித்திருக்கிறார். விழாவிட்டால், அன்றே மாற்றுங்கள்.

இன்று இரவு மெயின் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்தச் சின்னப் பொத்தான் உங்கள் வீட்டில் இருக்கிறதா?