குறிப்பறிதலும் குழந்தைகளும்

தமிழாசிரியரிடம் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டப்பெறின், அவர் திருக்குறளையேனும் சங்க இலக்கியத்தையேனும் எடுத்துக்கொள்வார் என்பது யாவரும் எதிர்பார்ப்பதே. நாமும் திருக்குறளினின்றே தொடங்குகின்றோம். சென்று சேருமிடம் மாத்திரம் வேறு.

'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரால் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஒன்று பொருட்பாலில் 71ஆவது. மற்றது காமத்துப்பாலில் 110ஆவது. முகத்தையும் கண்ணையும் நோக்கிச் சொல்லாத சொல்லை உணரும் ஆற்றல் அவைக்கும் வேண்டும், அன்புக்கும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பெரும்பாலான பிள்ளைகள் இவ்வாற்றலை எவரும் கற்பியாமலே பெற்றுவிடுகின்றனர். சில பிள்ளைகளுக்கு அது தானே வருவதில்லை. அவர்களைப் பற்றியும், அவர்களுக்குத் துணைசெய்யும் சிகிச்சை முறைகளைப் பற்றியும் எழுதுவதே எமது நோக்கம்.

முதற்கண் எமது குறையொன்றைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். பல்லாண்டுகளுக்கு முன்னர், பிறிதொரு பாடசாலையில், நான்காம் தரத்திலே ஒரு சிறுவன் எம்மிடம் பயின்றான். மாத்தளைப் புகையிரதப் பாதையின் வண்டி நேரங்கள் அனைத்தையும் பிழையின்றி ஒப்புவிப்பான். ஆயின் எம் முகத்தை நோக்கான். எம்மை 'நீ' என்றே விளிப்பான். ஒருநாள், "கதவைச் சாத்த முடியுமா?" என்று கேட்டோம். "முடியும்" என்று விடையிறுத்து அமர்ந்தபடியே இருந்தான். வகுப்பு நகைத்தது. அவமதித்தான் எனக் கருதி அவனை வெளியே நிறுத்தினோம். மறுநாள் அவன் தாய் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்து, "சேர், அவன் வேணும்னு செய்யலிங்க. நீங்க கேட்டதுக்குத்தாங்க பதில் சொன்னான்" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. அதனை நாம் உணர்ந்துகொள்வதற்குள் அவன் பாடசாலையை விட்டே நீங்கிவிட்டான். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் எம்மிடம் இருந்தது. அப்பிள்ளையை அறியும் அறிவு இருக்கவில்லை.

இனி, சமூகத் தொடர்பாடல் என்பது யாதெனக் காண்போம். சொற்களை அறிதல் வேறு. அவற்றை யாரிடம், எப்பொழுது, எவ்வாறு வழங்குவது என அறிதல் வேறு. முறைவைத்துப் பேசுதல், கேட்போனின் முகக்குறிப்பை உணர்தல், நேர்ப்பொருளையும் குறிப்புப்பொருளையும் பிரித்தறிதல், 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் உரிய இடம் தெரிதல் என இவையனைத்தும் அதனுள் அடங்கும். ஒரு பிள்ளை ஆயிரஞ் சொற்களை அறிந்திருந்தும் இவற்றில் இடர்ப்படக்கூடும்.

இதன் வேர் பேச்சுக்கு முன்னரே ஊன்றப்படுகின்றது. பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைவுகூர்க. சப்பாணிப் பருவத்திலே குழந்தை பிறர் செயலைப் பார்த்துக் கைகொட்டுகின்றது. அம்புலிப் பருவத்திலே தாய் நிலவைச் சுட்டுகின்றாள். குழந்தை அவள் விரலை நோக்காது விரல் சுட்டும் நிலவை நோக்கி, மீண்டும் தாயின் முகத்தை நோக்குகின்றது. இருவர் கருத்தும் ஒரு பொருளிலே கூடும் இந்நிகழ்ச்சியைக் குழந்தை உளவியலார் 'இணைந்த கவனம்' என்பர். உரையாடலுக்கு அதுவே அடித்தளம். ஒன்றரை வயதாகியும் குழந்தை ஒரு பொருளைச் சுட்டிக் காட்டாதிருத்தல், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருத்தல், பெற்ற சொற்களை இழத்தல் ஆகியன கவனித்தற்குரிய அறிகுறிகள். இவற்றுள் யாதேனும் காணப்படின், முதலிற் செவிப்புலனைப் பரிசோதித்தல் வேண்டும். கேளாமையும் இங்ஙனமே தோற்றும்.

இத்தகைய இடர்ப்பாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் யாவரும் கேள்வியுற்றது ஓட்டிசம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கரும் இதனை விரித்தெழுதினர். அதன்பின், தாயின் அன்புக்குறைவே காரணம் என்றொரு கொள்கை சில காலம் பரவி, எண்ணிறந்த தாய்மாரை வருத்திற்று. அது முற்றிலும் பிழையென்பது பின்னர் நிறுவப்பட்டது. ஓட்டிசம் இன்றியே இவ்விடர்ப்பாடு மாத்திரம் உடைய பிள்ளைகளும் உளர் என்பதை 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு தனிப்பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் ஓட்டிசம் உண்டெனக் கண்டது. ஆய்வு சிறிதே, ஆயினும் இஃது அரிதான ஒன்றன்று என்பதற்கு அது சான்று.

சிகிச்சை என்றவுடன் மருந்தும் ஊசியும் நினைவுக்கு வரும். இதற்கு அவை வேண்டியதில்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பெரும்பாலும் விளையாட்டையே கருவியாகக் கொள்வர். பெற்றோரும் அதனைப் பயிலலாம். குழந்தையின் முகத்துக்கு நேரே தரையில் அமர்தல் முதற்படி. குழந்தை எதில் ஈடுபட்டுள்ளதோ அதிலேயே நாமும் ஈடுபடுதல் இரண்டாவது. அது தேர்ச் சில்லைச் சுழற்றுமாயின், பறித்து வைக்காது நாமும் உடன் சுழற்றி, "சுத்துது" என்று ஒரு சொல்லைக் கூறுதல் வேண்டும். மூன்றாவது காத்திருத்தல். ஒன்றைச் சொல்லியபின் மனத்துள் பத்து எண்ணும் வரை வாளாவிருத்தல். நம்மிற் பலர்க்கு இதுவே மிகக் கடினம். விடையையும் நாமே கூறிவிடுகின்றோம். நான்காவது, கேட்பதற்கு ஒரு தேவையை உண்டாக்குதல். விருப்பமான பண்டத்தை இறுக மூடிய போத்தலில் இட்டுக் கையிற் கொடுத்தால், திறந்து தரும்படி குழந்தை நம்மை நாடும். பந்தை உருட்டி 'உன் முறை, என் முறை' என விளையாடுதல் பின்னாளைய உரையாடலுக்குப் பயிற்சியாகும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைக் கொடுத்து, வேண்டியதைச் சுட்டச் செய்வர். படம் கொடுத்தால் பேச்சு வாராது என அஞ்ச வேண்டுவதில்லை. அது பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காணவில்லை. பாடசாலைப் பருவத்தினர்க்கு கரோல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை 1991இல் வகுத்த 'சமூகக் கதை' முறை பயன்படுகின்றது. 'நான் தேர்த்திருவிழாவுக்குப் போவேன். அங்கே மேளம் உரக்க ஒலிக்கும். பயமாயிருந்தால் அம்மாவின் கையைப் பிடிக்கலாம்' என நிகழப்போவதைச் சிறு வாக்கியங்களிலே முன்கூட்டி எழுதிப் படிப்பித்தல் அதன் இயல்பு. முத்துமாரியம்மன் தேர்க்கூட்டத்திலே காதைப் பொத்திக் கதறும் பிள்ளையைக் கண்டோர் இதன் அருமையை உணர்வர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணை நேரே நோக்கும்படி பிள்ளையை வற்புறுத்தல் ஆகாது. பெரியோர் முன் கண்தாழ்த்தி நிற்றலை மரியாதையெனக் கொள்ளும் நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பிள்ளையை நம்மைப் போல் ஆக்குவதன்று நோக்கம். அவன் கருத்து நமக்கும், நம் கருத்து அவனுக்கும் எட்டச் செய்வதே நோக்கம். இடர்ப்பாடு ஒருபக்கத்ததன்று, நாமும் அவர்களை அறியாதவர்களே என 2012இல் டேமியன் மில்ற்றன் என்னும் ஓட்டிசமுடைய அறிஞர் எடுத்துரைத்தார். கதவை முன்னிட்டு எமக்கு நேர்ந்ததும் அதுவே.

நம் நாட்டிலே களனிப் பல்கலைக்கழகம் றாகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானப் பட்டப் படிப்பை 2008இல் தொடங்கிற்று. எனினும் தமிழிற் சிகிச்சை அளிப்போர் மிகச் சிலரே. நம் மாவட்டத்துப் பெற்றோர் முதலிற் செய்யத்தக்கது, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் குடும்பநல உத்தியோகத்தரையும், அவர் வாயிலாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும் காண்பதே. அவர்கள் தக்க வைத்தியசாலைக்கு அனுப்புவர். பேராதனையிலே சிறுவர்க்கென விசேட வைத்தியசாலையொன்று உண்டு. ஆயின் எல்கடுவை மலையிலிருந்து பேராதனைக்குப் போய்வர ஒரு தாய் அன்றைய பேரை இழக்க வேண்டும். கிழமைதோறும் இழத்தல் இயலுமா? "ஒரு மொழியிலே மாத்திரம் பேசுங்கள்" என்னும் அறிவுரையைக் கேட்டுத் தாய்மொழியைக் கைவிடுவோரும் உளர். இரு மொழிச் சூழல் இப்பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாலாட்டிய மொழியிலேதான் தாய் இயல்பாக விளையாட முடியும்.

இந்நிலையில் நமக்கு நம்பிக்கை தருவது 2016இல் வெளியான ஓர் ஆய்வு. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓட்டிசமுடைய 65 பிள்ளைகள் அதிற் பங்குகொண்டனர். சிகிச்சையாளர் பற்றாக்குறையாதலின், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளரே பெற்றோர்க்கு வழிகாட்டினர். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதனைப் பெற்றோர்க்கே காட்டி, பிள்ளை செய்யும் நுண்ணிய முயற்சிகளைக் காணப் பழக்கினர். பிள்ளைகள் தாமே முன்வந்து தொடர்புகொள்ளுதல் மிகுந்தது. எல்லாப் பயனும் கிட்டவில்லை. இருவரும் ஒன்றிலே கவனஞ் செலுத்தும் நேரம் கூடவில்லை. ஆயினும் நம் போன்ற நாடுகளிலும் இது செய்யத்தக்கதே என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே நாள்முழுதும் குழந்தைகளுடன் இருப்போர்க்கும், பாலர் வகுப்பு ஆசிரியர்க்கும் இப்பயிற்சியை அளிக்கலாமன்றோ? பழைய மாணவருள் வைத்தியரும், தோட்ட உத்தியோகத்தரும், வணிகரும் உளர். அவர்கள் ஒன்றுகூடின் மாதமொருமுறை தமிழறிந்த சிகிச்சையாளர் ஒருவரை மாத்தளைக்கு அழைத்தல் கூடும். உயர்தரம் பயிலும் மாணவர்காள், விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்துவோருள் ஒருவரேனும் இத்துறையைத் தேர்வீராயின், உங்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார் பலர்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது சிறிது. இப்பொழுதெல்லாம் வகுப்பிலே, "கதவைச் சாத்த முடியுமா?" என்று கேட்பதில்லை; பெயர் சொல்லி அழைத்து, "கதவைச் சாத்து" என்று தெளிவாகவே சொல்கின்றோம். அச்சிறுவனுக்கு அன்று அதனைச் சொல்லியிருப்பின், அவன் உடனே எழுந்து சாத்தியிருப்பான்.