முடி கொட்டுவதற்கு மாத்திரையா? தொடங்கும் முன் யோசியுங்கள்

 

நம் இரத்த தான முகாமுக்கு வரும் இளைஞர்களிடம், "ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். முடி கொட்டுவதற்கு மாத்திரை எடுப்பதாகச் சிலர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். வீட்டிலும் சொல்லவில்லை, மருத்துவரையும் பார்க்கவில்லை. நிக்காஹ் பேச்சுக்கு முன் முடி வளர வேண்டும் என்ற கவலைதான் காரணம்.

இவ்வகையில் அதிகம் பேசப்படும் மாத்திரை ஃபினாஸ்டரைடு. 1992-ல் புரோஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண் ஹார்மோன் ஒன்று உடலில் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனாக மாறி, பரம்பரை வழுக்கை உள்ளவர்களின் முடி வேர்களைச் சுருக்குகிறது. இம்மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கிறது.

பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் வந்த பலன் ஓராண்டுக்குள் போய்விடும். ஆகவே, இதைத் தொடங்குவது பல ஆண்டுகளுக்கான முடிவு.

பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருப்பதில்லை. சிலருக்கு இல்லற நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். நிறுத்திய பின்னும் இல்லறக் குறைபாடு நீடித்ததாகப் புகார்கள் வந்ததால், 2012-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. தற்கொலை எண்ணமும் பக்க விளைவே என்று 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. தோல் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். இரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் முடி கொட்டும். அதற்கு மருந்து வேறு.

2. மனம் சோர்ந்தாலோ, இல்லறத்தில் மாற்றம் தெரிந்தாலோ வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கக்கூடும். அதே காரணத்தால், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் இரத்த தானம் செய்யக் கூடாது.

4. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மருத்துவம் செய்துகொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் முடி குறைவது குற்றமும் அல்ல, குறையும் அல்ல. பெண் வீட்டாரும் மாப்பிள்ளையின் தலைமுடியைப் பார்க்காமல் தீனையும் குணத்தையும் பார்த்தால், நம் பிள்ளைகள் மறைத்து மாத்திரை விழுங்கும் நிலை வராது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலமும் மன நிம்மதியும் தந்தருள்வானாக! ஆமீன்.