தலைசுற்றலும் ஒற்றைத் தலைவலியும்



"பூமியே சுற்றுது ஐயா, கட்டிலைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன்" என்று சொல்லுகிறவர்களை வார்டுகளில் அடிக்கடி சந்திக்கிறோம். பித்தம் என்பார் சிலர்; ரத்தக் குறைவு என்பார் சிலர்; கழுத்தெலும்புத் தேய்மானம் என்பார் இன்னும் சிலர். செய்வினை என்று பயந்து கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான காரணம் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியே. அது எப்படி என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம் உட்காதில் கேட்பதற்கு நத்தை ஓடு போன்ற ஒரு பகுதி உண்டு. அதை அடுத்து மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை அசையும்போது அவற்றிலுள்ள நீரும் அசைந்து, தலை எப்படித் திரும்புகிறது என்று மூளைக்கு அறிவிக்கிறது. தலைசுற்றல் உட்காதிலிருந்தும் வரும் என்பதை 1861-ம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் புரோஸ்பர் மெனியே எடுத்துக்காட்டினார். இக்குழாய்களின் வேலையை ஆராய்ந்த ராபர்ட் பாராணிக்கு 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் மைக்ரேனுக்கு என்ன வேலை? தலைக்கும் முகத்துக்கும் உணர்வளிக்கும் நரம்பு மைக்ரேனில் தூண்டப்படுகிறது. அதே நரம்பின் இழைகள் உட்காதின் ரத்தக் குழாய்களுக்கும் செல்கின்றன. மூளையின் அடித்தண்டிலும் வலியின் நிலையமும் சமநிலையின் நிலையமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஒன்று கலங்கினால் மற்றதும் கலங்குகிறது. தலைவலி இல்லாமல் சுற்றல் மட்டும் வருவதும் உண்டு. ஆகவேதான் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. பெண்களுக்கே அதிகம்.

இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் எதுவும் இல்லை. 2012-ம் ஆண்டில் உலக நிபுணர்கள் வகுத்த விதிகளும் நோயாளி சொல்லும் வரலாற்றையே நம்புகின்றன. சுற்றல் ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். வெளிச்சமும் சத்தமும் சகிக்க முடியாமற்போகும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றினால், அது பெரும்பாலும் உட்காதின் சுண்ணத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையை முறையாகத் திருப்பும் பயிற்சியால் தீரும். காது அடைப்பும் இரைச்சலும் செவிக்குறைவும் சேர்ந்து வந்தால் மெனியே நோயாக இருக்கலாம். சிலருக்கு அதுவும் மைக்ரேனும் சேர்ந்தே இருப்பதுண்டு.

குலசேகரன்பட்டினம், மணப்பாடு கடலில் வள்ளம் ஏறுகிறவருக்கும், உடன்குடித் தேரிகளில் பனையேறுகிறவருக்கும் இது சிறிய காரியம் அல்ல. உச்சியில் ஒரு சுற்றல் வந்தால் உயிரே போய்விடும். சுகம் பெறும்வரை அவர்கள் ஏறாமலிருக்க வேண்டும்; அதுவரை வீட்டில் வருமானமும் இல்லை. ஆகவே காரணத்தைச் சீக்கிரம் கண்டறிவது மிக அவசியம்.

செய்யவேண்டியவை எளியவை. நேரத்துக்குச் சாப்பாடு, போதிய தூக்கம், வெயிலில் தண்ணீர். தசரா நாட்களின் இரவு மேளம் மட்டுமல்ல, நம் உபவாசமும் முழு இரவு ஜெபமும்கூடச் சிலருக்கு இதைத் தூண்டிவிடும். அப்படிப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சுற்றல் வந்த நாளையும் அதற்கு முந்தின நாள் நடந்ததையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. அடிக்கடி வந்தால் தடுப்பு மாத்திரைகள் உண்டு. அவற்றை வைத்தியர் சொற்படியே எடுக்கவேண்டும். சுற்றலை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குவது, மூளை தானாகச் சமநிலைக்குத் திரும்புவதைத் தாமதப்படுத்தும்.

ஒரு எச்சரிப்பு: திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், நடக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

உங்கள் சபையிலோ வீட்டிலோ யாராவது தலைசுற்றல் என்று சொன்னால், "முன்பு தலைவலி வந்ததுண்டா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். வருஷக்கணக்கான அலைச்சலை அது நிறுத்தக்கூடும்.