'முற்பகல்' அத்தியாயத்தின் அமைப்பும் பொருளும்

மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் இஸ்லாமிய அயலாரோடு வாழும் நமது சபையாருள் தர்க்கத்தில் விருப்பமுள்ள சிலர், குர்ஆனின் 93ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்காட்டுவதுண்டு. நபியவர்கள் வழியறியாதவராயிருந்தார் என்று பொருள்படும் 7ஆம் வசனமே அது. அவர்தம் குற்றத்திற்கு அம்மறையே தரும் சான்று இஃது என்பது இவர்களது வாதம். அத்தியாயத்தின் அமைப்பை அறிந்தோர் இவ்வாறு வாதிடார்.

'அள்ளுஹா', அதாவது 'முற்பகல்', எனப்படும் இவ்வத்தியாயம் 11 வசனங்களே கொண்டது. மக்காவில் அருளப்பெற்றவற்றுள் தொடக்ககாலத்ததாகக் கருதப்படுவது. இறைச்செய்தி சிலகாலம் வராது நிற்கவே, இறைவன் இவரைக் கைவிட்டான் என மக்காவாசிகள் ஏளனம் செய்தனர் என்றும், அதற்கு விடையாக இது வந்தது என்றும் இஸ்லாமிய மரபு கூறும். முற்பகலின் ஒளியையும் அமைதியுற்ற இரவையும் சாட்சியாக்கி, இறைவன் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என உறுதி தருகிறது அது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரபு மூலத்தில் கைவிடுதலைக் குறிக்கும் வினையோடு 'உம்மை' என்று பொருள்படும் ஒட்டு சேர்ந்துள்ளது. வெறுத்தலைக் குறிக்கும் வினையோடு அது இல்லை. முதல் எட்டு வசனங்களும் 'ஆ' என்னும் நெடிலோசையில் முடிவதால், இயைபு கருதியே அது விடுபட்டது என்பர் சிலர். எகிப்து நாட்டு அறிஞர் ஆயிஷா அப்துர் ரஹ்மான் 1962இல் வெளியிட்ட விரிவுரையில் இதனை மறுத்தார். அன்புக்குரியவரோடு வெறுப்பு என்னும் சொல்லை, இல்லையென்று உரைக்கும்போதுங்கூட, இணைக்க இறைவன் விரும்பவில்லை என்பது அவர் கருத்து. நமது பிரசங்கிகள் கவனிக்கத்தக்க நயம் இது.

6 முதல் 8 வரையுள்ள வசனங்கள் மூன்று நன்மைகளை நினைவூட்டுகின்றன: அநாதைக்குப் புகலிடம், வழியறியாதவர்க்கு வழி, வறியவர்க்கு நிறைவு. பிறக்குமுன்னே தந்தையையும் ஆறாம் வயதில் தாயையும் இழந்தவர் நபியவர்கள். ஆகவே 7ஆம் வசனம் குற்றச்சாட்டன்று. இருபுறமும் நிற்கும் அநாதைநிலையையும் வறுமையையும் போன்றதொரு குறைவின் பெயரே. உபாகமம் 26:5இல், எபிரெய மூலத்தின்படி, தம் முற்பிதா அலைந்து திரிந்தவர் என இஸ்ரவேலர் அறிக்கையிடுவதை யாக்கோபின்மேல் சாட்டும் குற்றமாக யார் கொள்வார்?

9ஆம் வசனத்தில் ஓசை திடீரென மாறுகிறது. நெடில் மறைந்து, 'தக்ஹர்', 'தன்ஹர்' எனக் குறுகிய கட்டளைகள் இரண்டு வருகின்றன: அநாதையை ஒடுக்கலாகாது, கேட்பவனை விரட்டலாகாது. பெற்ற அருள் கடமையாகத் திரும்பும் இடம் இது. எகிப்தில் அந்நியராயிருந்ததைக் காரணங்காட்டி அந்நியனை ஒடுக்காதிருக்கக் கற்பிக்கும் யாத்திராகமம் 22:21இன் போக்கும் இதுவே.

கேட்பவன் யார்? பிச்சை கேட்பவன் எனக் கொள்வதே பெருவழக்கு. ஆயின் வரிசைப்படி நோக்கின் அநாதையோடு அநாதையும், வழியறியாமையோடு கேட்பவனும், நிறைவோடு அருளை எடுத்துரைத்தலும் இணைகின்றன. இம்முறையில், அறிவு நாடிக் கேட்டு வருபவன் எனப் பொருளுரைத்தார் 1373இல் மறைந்த இப்னு கஸீர். அமைப்பு இதற்கே இடந்தருகிறது என்பது என் எண்ணம். சொல்லோ இருவரையும் ஏற்கும்.

இறுதி வசனம் 'ஹத்திஸ்' என முடிந்து, முந்தைய இரண்டின் இயைபையும் விட்டுவிடுகிறது. ஓசையே நோக்கமாயின் 'கப்பிர்' என்னும் ஒத்த பொருட்சொல் அங்கே பொருந்தியிருக்கும் என ஆயிஷா அப்துர் ரஹ்மான் சுட்டுவார். 'எடுத்துரை' எனப் பொருள்படும் இவ்வினையின் வேரிலிருந்தே 'ஹதீஸ்' என்னும் சொல்லும் பிறந்தது.