மறதி நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்...

செஞ்சி வட்டாரத்தில் வயதானவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் செஞ்சி அரசு மருத்துவமனை. அங்கே முடியாவிட்டால் 108 வண்டியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிலர் புதுச்சேரி ஜிப்மருக்கும் போவார்கள். இடுப்பெலும்பு முறிவுக்கோ நிமோனியாவுக்கோ இப்படிச் சேர்க்கப்படும் முதியவர்களில் சிலருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஓ.பி. சீட்டில் அது இருக்காது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டிலேயே விட்டிருப்பார்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது அதிகம்.

இரவு வார்டில் நடப்பது

பாட்டிக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் எழுந்து, "மாடு கத்துது, அவுத்துக் கட்டணும்" என்று ஊசியைப் பிடுங்குவார். மகளை யாரென்று கேட்பார். வார்டு முழுவதையும் ஒரே சிஸ்டர் பார்க்கிறபோது, கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் உண்டு. கட்டினால் மிரட்சி கூடும்; திமிறுவதில் காயம் படும்; அசையாமல் கிடந்தால் படுக்கைப்புண் வரும்.

"இங்கே ஏது மாடு? இது ஆஸ்பத்திரி" என்று வாதாடினால் அவர் இன்னும் பதறுவார். "மாட்டைக் கட்டியாச்சு ஆயா, தண்ணியும் காட்டியாச்சு, நீங்க படுங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். பிறகு அவருக்கு வலி இருக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா, தாகமா என்று பார்க்க வேண்டும். வாயால் சொல்லத் தெரியாத உபாதைதான் பல நேரம் இப்படி வெளிப்படுகிறது.

திடீர்க் குழப்பம் வேறு, மறதி நோய் வேறு

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, சோடியம் அல்லது சர்க்கரை குறைவது, மலச்சிக்கல், அடக்கப்படாத வலி, தூக்க மாத்திரை, சில சளி மருந்துகள் ஆகியவை முக்கியக் காரணங்கள். காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

கத்துபவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். பேச்சு மூச்சில்லாமல் தூங்கி வழிபவருக்கும் டெலிரியம் இருக்கலாம். அவரைத்தான் கோட்டை விடுகிறோம். "நேத்து வரைக்கும் இப்படி இல்லீங்க" என்று நீங்கள் டாக்டரிடம் சொல்லும் ஒரு வாக்கியம், ரத்தப் பரிசோதனைக்கு நிகரான தகவல்.

மாத்திரை இல்லாத வைத்தியம்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷேரன் இனூயே குழுவினர், மருத்துவமனையில் சேர்ந்த 70 வயதைக் கடந்தவர்களிடம் ஒரு முறையைச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். நாள், இடத்தை அடிக்கடி எடுத்துச் சொல்வது, நடக்கவைப்பது, இரவில் தூங்கவிடுவது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, இவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலிரியம், இதில் 9.9 சதவீதமாகக் குறைந்தது.

நம்மிடமோ, "தொலைஞ்சிடும்" என்று கண்ணாடியையும் பல்செட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். முகம் தெரியாமல், சோறு மெல்ல முடியாமல் கிடப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

கூட இருப்பவரை விரட்டாதீர்கள்

பிரிட்டனில் மறதி நோயாளியுடன் குடும்பத்தார் இருக்கும் உரிமைக்காக 2014-இல் 'ஜானின் இயக்கம்' தொடங்கினார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் உடனிருப்பவர் இல்லாத கட்டிலே அபூர்வம். கேட்காமலே கிடைத்த இந்தப் பலத்தைக் கூட்டத் தொல்லையாகத்தான் பார்க்கிறோம். பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கக்கூடாது என்ற விதி நியாயமானது. ஆனால் மனைவிக்குச் சோறூட்டுவது முதல் எல்லாம் செய்யும் கணவர்தான் ஒரே துணை என்றால், அவருக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்.

மருத்துவமனைகள் செய்யக்கூடியவை

• சேர்க்கும்போதே "ஞாபகம் எப்படி இருக்கு?" என்று குடும்பத்தாரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டில் குறிப்பது.
• தேவை முடிந்ததும் யூரின் டியூபை எடுத்துவிடுவது. தொற்றுக்கு அது வாசல்.
• கட்டிலை அடிக்கடி மாற்றாமல் இருப்பது. கண்ணில் படும்படி கடிகாரமும் தமிழ் நாட்காட்டியும் மாட்டுவது.
• வீட்டுக்கு அனுப்பும்போது, 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியருக்குத் தகவல் சொல்வது. 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வருபவர்கள், ஞாபகத்தையும் விசாரித்துவிட்டுப் போகலாம்.

இன்றே எழுதுங்கள்

வீட்டில் மறதியுள்ள பெரியவர் இருந்தால், ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி ஆதார் அட்டையோடு வையுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன சாப்பிடுவார், வலித்தால் என்ன செய்வார், எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் அமைதியாவார், என்னென்ன மாத்திரை. முதல் நாளே அதை சிஸ்டரிடம் கொடுங்கள். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

நோயாளியால் சொல்ல முடியாததை அவருக்காகச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சிகிச்சை அதிலிருந்துதான் தொடங்குகிறது.