கால்களை எண்ணினால் பகையும் துணையும் தெரியும்

வட இந்தியாவின் குளிர்காலக் கடுகு வயல்களை நாடிவரும் பூச்சிகளுள் ரம்ப ஈ பயிருக்குப் பகை. ஏழுபுள்ளிப் பொறிவண்டு துணை. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு பருவங்களைக் கடந்து முழு உருமாற்றம் அடைவது இரண்டுக்கும் பொதுவென்றாலும், அவை வாழும் முறை முற்றிலும் வேறானது.

பெயரில் ஈ இருப்பினும், ஓரிணைச் சிறகே உடைய ஈக்களைப் போலன்றி ஈரிணைச் சிறகுகள் கொண்ட ரம்ப ஈ, குளவி, தேனீ, எறும்பு ஆகியவை அடங்கிய வரிசையைச் சேர்ந்தது; ஆனால் குளவிக்குரிய ஒடுங்கிய இடையும் கொட்டும் கொடுக்கும் இதற்கு இல்லை. பெண்பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள முட்டையிடும் உறுப்பு ரம்பம்போல் பல்வரிசை கொண்டிருப்பதால், அது இளங்கடுகின் இலையோரத்தைக் கீறி, அக்கீறலுக்குள் முட்டையைச் செருகிவிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் கரும்பச்சைப் புழு இலையைத் துளைத்துத் தின்கிறது. தொட்டால் சுருண்டு மண்ணில் விழுந்து செத்ததுபோல் கிடக்கிறது.

பொறிவண்டோ வண்டினம். அதன் முன்சிறகுகள் கெட்டிப்பட்டு ஓடாகி, பறக்க உதவும் மெல்லிய பின்சிறகுகளை மூடிக் காக்கின்றன. செந்நிற ஓடு ஒவ்வொன்றிலும் மும்மூன்று கரும்புள்ளிகளும், இரண்டும் கூடுமிடத்தில் பொதுவாக ஒன்றும் அமைவதால் புள்ளிகள் ஏழாகின்றன. கடுகின் பூங்கொத்திலும் இளங்காயிலும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளே இதற்கு இரை. அவற்றின் அருகிலேயே மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக நிறுத்திவைப்பதால், பொரிந்த புழு உணவைத் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. பகைவர் பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் நீரைக் கசியவிட்டு இவ்வண்டு தப்பிக்கிறது.

வண்டை எளிதில் அறிபவரும் புழுப்பருவத்தில் ஏமாறுவதுண்டு. பொறிவண்டின் புழு கருஞ்சாம்பல் உடலும் செம்மஞ்சள் திட்டுகளுமாக முரட்டுத் தோற்றம் கொண்டிருப்பதால் பயிரை அழிக்கும் பூச்சியென்று நசுக்கப்படுகிறது. ரம்ப ஈயின் புழுவோ அந்துப்பூச்சிப் புழுவாகக் கருதப்பட்டு, அந்துப்பூச்சிப் புழுக்களை மட்டுமே கொல்லும் நுண்ணுயிர் மருந்துக்குத் தப்பிவிடுகிறது. இக்குழப்பத்தைத் தீர்ப்பவை கால்கள். மார்பிலுள்ள மூவிணைக் கால்கள் இம்மூவகைப் புழுக்களுக்கும் பொது. வயிற்றின் கீழுள்ள பொய்க்கால்கள், அதாவது பற்றிக்கொள்ள உதவும் சதை முளைகள், அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஐந்து இணைக்கு மேல் இரா. கடுகு ரம்ப ஈயின் புழுவுக்கு எட்டு இணை உண்டு. பொறிவண்டின் புழுவுக்கு ஒன்றுமே இல்லை. மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் இலையைத் திருப்பி இக்கால்களை எண்ணும் உழவர், மருந்துச் செலவை வீணாக்காமல், கூலி கேளாது அசுவினியைத் தின்றழிக்கும் துணையையும் காப்பாற்றிக்கொள்கிறார்.