கசியும் பீங்கானுக்கு லாந்தனம் வைத்தியம்

புதுதில்லி: கணினி நினைவகத்தில் காந்த முறையில் தகவலை எழுத மின்னோட்டம் செலுத்தியாக வேண்டும். அதில் ஒரு பகுதி வெப்பமாக விரயமாகிறது. மின்னழுத்தத்தைக் கொண்டே காந்தத்தின் திசையைத் திருப்ப முடிந்தால் இந்த விரயம் பெருமளவு குறையும். இந்த நோக்கத்துக்கு உதவக்கூடிய பீங்கான் வகைப் பொருள்களை தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வந்துள்ளனர்.

காந்த ஒழுங்கும், திசை மாற்றக்கூடிய மின்முனைவும் ஒருங்கே அமைந்த இப்பொருள்களுக்கு "மல்டிஃபெரோயிக்' என்று பெயர். ஜெனீவா விஞ்ஞானி ஹான்ஸ் ஷ்மிட் 1994-ல் சூட்டிய பெயர் இது. இவற்றில் பெரும்பாலானவை கடுங்குளிரில் மட்டுமே இரு குணங்களையும் காட்டும். பிஸ்மத், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த பிஸ்மத் ஃபெரைட் மட்டும் அரிய விலக்கு. அதன் காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரையிலும், மின்முனைவு சுமார் 830 டிகிரி வரையிலும் நீடிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராமமூர்த்தி ரமேஷின் குழு அமெரிக்காவில் 2003-ல் இதன் மென்படலத்தில் வலுவான மின்முனைவைக் கண்டறிந்த பிறகே உலகின் கவனம் இதன்மீது திரும்பியது.

ஆனால், இதைக் குறையின்றித் தயாரிப்பது எளிதல்ல. பொடிகளை அரைத்து, வில்லைகளாக அழுத்தி, 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடும்போது பிஸ்மத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. அதன் விளைவாக ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்களும் காலியாகின்றன. இரும்பு அயனிகள் சிலவற்றின் மின்னூட்டம் மாறுகிறது. பொருளின் ஊடே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, அணுக்களின் காந்தத் திசை 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் திருகிச் செல்வதால் ஒன்றையொன்று ஈடுசெய்து, வெளியே காந்தம் அநேகமாகத் தெரிவதே இல்லை.

இங்குதான் தனிம மாற்று கைகொடுக்கிறது. பிஸ்மத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு லாந்தனம், சமாரியம் போன்ற அருமண் தனிமங்களைப் புகுத்தினால், அவை உலையில் ஆவியாகாமல் நிலைத்து நிற்கின்றன. காந்தத் திருகலும் குலைகிறது. இரும்பின் இடத்தில் சிறிதளவு டைட்டானியம் சேர்த்தால் கசிவு குறைகிறது. அளவு மிஞ்சினாலோ படிக அமைப்பே மாறி, மின்முனைவு போய்விடும். சமையலில் உப்பைப் போன்றதுதான் இதுவும்.

பத்து ஆண்டுகளில் குவிந்த ஆய்வுக் கட்டுரைகள் அனைத்தையும் அப்படியே நம்புவதற்கில்லை. மின்கசிவையே மின்முனைவு என்று பிழையாகக் கணிப்பதும் நடந்தது. வாழைப்பழத் தோலை அளந்தாலும் இதே போன்ற வளைகோடு கிடைக்கும் என்று பிரிட்டனில் பணியாற்றிய ஜே.எஃப். ஸ்காட் 2008-ல் அளந்தே காட்டினார். மாற்றுத் தனிமத்தால் மின்முனைவு கூடியதா, கசிவு கூடியதா என்பதைப் பிரித்தறியாத எந்த அளவீடும் பயன்படாது.

அமெரிக்காவில் ரமேஷும் சக ஆய்வாளர்களும் 2020-ல், லாந்தனம் கலந்த மென்படலத்தைக் கொண்டு 0.2 வோல்ட் அழுத்தத்திலேயே காந்தத்தைத் திருப்பிக் காட்டினர். இந்தியாவில் செமிகண்டக்டர் திட்டத்துக்கு 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரூ. 76 ஆயிரம் கோடி ஒப்புதல் அளித்தது. சில்லு ஆலைக்குள் இப்பொருள் நுழைய வேண்டுமானால், சுட்ட வில்லையில் கிடைக்கும் பலன் சில நானோமீட்டர் படலத்திலும், கோடிக்கணக்கான முறை எழுதி அழித்த பின்னரும் குறையாமல் கிடைக்க வேண்டும்.